இங்கிலாந்து நடிகையும் என் இங்கிலீசும்

தொண்ணூறுகளில் நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரில் குடியிருந்தபோது, என் மனைவிக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தது ஓர் இங்கிலாந்து நடிகை. நான் வேலைக்குப் போன பிறகு, தொலைக்காட்சியின் பின்னேரத் தொடர்களில் அவர் வருவார். அவர் பேசுவதை இவள் அடுப்படியில் நின்று திருப்பிச் சொல்வாள். லீவு நாட்களில் நானும் கூட இருந்து பார்ப்பேன்.

முதலில் பார்த்த தொடரில் அவர் வயதான நீதிபதி. அடுத்ததில் இளம் வழக்கறிஞர். அதற்கடுத்ததில் ஒரு மாளிகையில் வேலைக்காரி. பழைய தொடர்களைப் பிந்திப் போடுகிறார்கள் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

"பாவம், நீதிபதியா இருந்தவ. இப்ப எங்களை மாதிரிக் கோப்பை கழுவுறா" என்று கவலைப்பட்டேன்.

அவருடைய வாய் ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும். யாரோ தெருவோரத்தில் எறிந்த தொலைக்காட்சிப் பெட்டியைத்தான் நான் தூக்கி வந்திருந்தேன். அதனால் பெட்டிதான் பழுது என்று அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவேன்.

ஒருநாள், அந்த நடிகை புதுப்படத்துக்காகக் கொலோன் நகரத் திரையரங்குக்கு வருகிறார் என்று பேப்பரில் கிடந்தது.

"ஒருக்கா நேரில நன்றி சொல்லவேணுமப்பா" என்றாள் மனைவி. "இந்த நாட்டில என்னோட முதல் கதைச்ச மனுசி அவதான்."

ரயிலில் வழிநெடுகச் சொல்லிப் பழகினாள். திரையரங்கில் வரிசையில் நின்று, நடிகையின் முன்னால் போய், பிழையில்லாத ஜெர்மனில் சொல்லியும் முடித்தாள். நடிகை சிரித்தபடி கையை விரித்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். குரலே வேறாக இருந்தது. அவருக்கு ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாதாம். இத்தனை காலமும் அவருக்காகப் பேசியது யாரோ ஒரு ஜெர்மன்காரி.

மனைவியின் முகம் வாடிவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் சொல்லுங்கோவன்! கலியாணம் பேசேக்க, இவருக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு எண்டு சொன்னவையெல்லோ!"

சொன்னேன். "மேடம், யூ ரீச்சர். மை வைஃப்... கிச்சின்." அதற்குமேல் ஏலவில்லை.

நடிகை நீளமாக ஏதோ பதில் சொன்னார்.

"என்னவாம்?"

"தாங்ஸாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சது தாங்ஸோ? விடுங்கோ. இந்தக் கோட்டைப் பிடியுங்கோ."

என் கோட்டு தொங்கிய கையில் தன் கோட்டையும் திணித்துவிட்டு, மேசையோரம் நின்ற திரையரங்குப் பெண்ணிடம் ஜெர்மனில் முழுவதையும் கொட்டினாள். அடுப்படி, தனிமை, முதல் கதைச்ச மனுசி, ஒன்றும் மிச்சமில்லை. நீதிபதி வேலை பறிபோனதென்று நான் கவலைப்பட்டதையும் போட்டுக்கொடுத்தாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நடிகையின் கண் கலங்கியது, பிறகு சிரிப்பு வந்தது. எழும்பி வந்து என் மனைவியைக் கட்டிப்பிடித்தார். யாரோ படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மூன்று பெண்கள் சிரிக்கிறார்கள். ஓரத்தில் இரண்டு கோட்டுகளுக்கு மேலே கொஞ்சம் வழுக்கை தெரியும். அது நான்.