பூஜையில் வைத்த ஆஸிலோஸ்கோப்

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் இரண்டாம்பட்சம்தான். நடுநாயகமாக வீற்றிருப்பது அப்பா பழுது பார்க்கிற ஆஸிலோஸ்கோப். மின்சாரத்தின் அலையைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டுகிற பெட்டி அது. அந்த வருஷம் வைத்தது போசரி என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையுடையது. அப்பா வேலையை விட்டுவிட்டு, வடக்கே நாங்கள் குடியிருந்த சாங்வியில் வீட்டிலேயே பட்டறை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. இது சரியாகப் போனால் அங்கே கெட்டுக் கிடக்கும் மற்ற பெட்டிகளும் வரும், இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்த கோட்டை நேராக்கியும் விட்டார்.

அவர் பூ வாங்கப் போனதும், "தண்ணி படாம தொடைடி" என்று அம்மா என்னிடம் துணியைக் கொடுத்தாள். ஒன்பது வயசு மேதாவிக்கு வறட்டுத் துணி போதுமா? நனைத்துத்தான் துடைத்தேன். பெட்டியின் முன்பக்கத்துத் திருகு குமிழ்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் இடப்பக்கமாகத் திருப்பி ஒழுங்காக நிறுத்தினேன். அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. விடுமுறையானாலும் பத்து மணிக்குத் தானே வந்து எடுத்துக்கொள்வதாகத் தொழிற்சாலை மேனேஜர் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு அப்பா சுவிட்சைப் போட்டார். திரை இருட்டு.

"நேத்து நல்லாத்தானே இருந்தது" என்றார். திரை இருண்டால் முதலில் குமிழ்களைப் பார்ப்பது அவர் வழக்கம். ஆனால் பூஜையில் வைத்ததை எங்கள் வீட்டில் ஒருவரும் தொட மாட்டார்களே! நேராக மூடியைக் கழற்றினார். "உள்ள ரெண்டாயிரம் வோல்ட் இருக்கு, யாரும் கிட்ட வராதீங்க" என்றவர், இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் மீட்டரின் ஊசியை உள்ளே நுழைத்தார். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும் என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

தண்ணீர்தான் உள்ளே போய்விட்டது, நான்தான் கெடுத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், அப்பாவின் கை உள்ளே போகும், மூடிக்கொள்வேன். ஒன்பதரை ஆயிற்று. வோல்டேஜ் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அப்புறம் என்ன எழவு என்று முனகினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. மேனேஜர் உள்ளே வந்து, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அப்போதுதான் அப்பா முன்பக்கம் வந்து குனிந்தார். குமிழ்களின் வரிசையைப் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். வெளிச்சக் குமிழை வலப்பக்கம் திருப்பி, வேறு இரண்டை நடுவுக்குக் கொண்டுவந்தார். பச்சைக் கோடு பளிச்சென்று ஓடியது.

"க்யா ஹுவா தா?" என்று கேட்டார் மேனேஜர், என்ன ஆயிற்று என்று.

"மேரீ கல்தீ, சாப்" என்றார் அப்பா. என் தப்புதான், குமிழைக் குறைத்து வைத்துவிட்டு மறந்தே போனேன் என்று இந்தியில் விளக்கினார். இதற்கா மூடியைக் கழற்றினீர்கள் என்று மேனேஜர் சிரித்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மற்ற பெட்டிகள் வரவேயில்லை. பொங்கலுக்குள் அப்பா மறுபடி ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

எனக்கோ அன்று தலைகால் புரியாத சந்தோஷம். தண்ணீர் உள்ளே போகவில்லை, நான் கெடுக்கவில்லை, தப்பு முழுக்க அப்பாவுடையது. அவரே சொல்லிவிட்டாரே! அதன்பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடும்போதெல்லாம், "பட்டறையையே மறதியில தொலைச்ச ஆளுதானேப்பா நீ" என்று வருஷக்கணக்கில் கிண்டல் செய்தேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரிப்பார்.