ஒரு கீறலும் இல்லாமல் போய்ச் சேர்ந்த பியானோ

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த சொந்தங்களுக்கும், அவரோடு சுமை தூக்கிய தோழர்களுக்கும், அவர் கட்டிய பெட்டிகளை நம்பி ஊர் ஊராகச் சாமான் அனுப்பிய வியாபாரிகளுக்கும் தம்பியாகிய என் வணக்கம். மறைந்தவரின் நற்குணங்களை மட்டும் எழுதுவது வழக்கம். நான் அதற்கு மேலும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஒக்கூரில். எங்கள் ஐயா கூலிக்கு ஏர் பிடித்தவர். அண்ணனுக்குப் பதின்மூன்று வயதும் எனக்கு ஐந்து வயதும் இருக்கையில் ஐயா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திக்கொண்டு கீழச்சிவல்பட்டியில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்தார். பலகை அறுக்கவும் இழைக்கவும் அங்கேதான் பழகினார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை எனக்கு வாங்கிய ஒவ்வொரு நோட்டுக்கும் அவரே பிரவுன் அட்டை போட்டுக் கொடுப்பார். முனை மடங்காது, ஒட்டு பிரியாது. ஒரு பொருளைச் சுற்றி மூடுவதில் அவருக்கு அப்போதே ஒரு கை இருந்தது.

பிறகு காரைக்குடிக்கு வந்தார். பழம்பொருள் கடைகளில் விலைபோகும் நிலைக்கதவுகள், ஆளுயரக் கண்ணாடிகள், பீங்கான் ஜாடிகள் எல்லாம் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் போகும். வழியில் உடையும். உடையாமல் அனுப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. சில வருடங்களில் அந்த ஆள் அண்ணன் என்றாகிவிட்டது. ஒருமுறை வடக்கேயிருந்து வந்த வாங்குபவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தாங்குமா?" என்று கேட்டார். அண்ணன் லாரியில் ஏறினார். ஜாடி இருந்த அந்தப் பெட்டியை லாரியின் மேலிருந்து தரையில் தள்ளிவிட்டார். வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்தபோது ஜாடி அப்படியே இருந்தது. "இப்ப நம்புவீகளா?" என்றார் அண்ணன்.

அவர் மென்மையானவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். வேலையில் கோபக்காரர். ஆனால் ஆள் விஷயத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார். பெரிய சாமானைப் படியில் இறக்கும்போது கீழ்ப்பக்கம் நிற்பவர், அது நழுவினால் விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். சாமான் போனால் போகட்டும். மேலே கயிறு பிடித்திருப்பவர் மட்டும் எது நடந்தாலும் விடக்கூடாது. கீழே நிற்பவர்களின் உயிர் அவர் கையில்தான் இருக்கிறது.

என் செல்போன் கடை நொடித்துப்போனபோது அண்ணன் என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய வலது கையாக அப்போது இருந்தவர் சேவுகன். என்னைவிடச் சின்னவர், என்னைவிடக் கெட்டிக்காரர்.

கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீட்டின் மாடியில் பழைய பியானோ ஒன்று இருந்தது. நிமிர்ந்து நிற்கும் வகை. உள்ளே இரும்புச் சட்டம் போட்டு, நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க யோசிக்கும் எடை. வீட்டுக்காரர் அதை ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப விரும்பினார். அண்ணன் போய்ப் படியை அளந்தார். நடுவில் ஒரு திருப்பம். அங்கே தேக்கு மரக் கைப்பிடி இடத்தைக் குறுக்கியது.

"ஐயா, இந்தக் கைப்பிடிய மட்டும் கழத்திக்கிடுறேன். வேலை முடிஞ்சதும் நானே மாட்டித் தந்துருவேன். இல்லாட்டி திருப்பத்துல ஆள் நிக்க எடமில்ல" என்றார்.

"அது என் பாட்டனார் காலத்துச் செதுக்கு வேலை. கை வைக்காதீக" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. வேண்டாம் என்று திரும்பியிருக்கலாம். பியானோ இறக்கத் தெரியாமல் போய்விட்டார் என்ற பேச்சு வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒப்புக்கொண்டார்.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு இறக்கத் தொடங்கினோம். படியில் பலகைகளைச் சாய்த்து, பியானோவைப் போர்வையால் சுற்றி, நீள வாக்கில் பலகை மேல் வைத்தோம். மேல்முனையைத் திசை பார்த்துத் திருப்ப இரண்டு லோடுமேன்கள். கீழ்முனையில் அண்ணனும் சேவுகனும். மாடியில் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றைப் பிடித்தபடி நான். அப்படிச் சுற்றினால் எடையில் பெரும்பங்கைத் தூணே தாங்கும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க ஒருவர் போதும். அண்ணன் அந்த இடத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார். தம்பி என்பதால்.

திருப்பத்துக்கு வந்தபோது கீழ்ப்பலகை முறிந்தது. பியானோ ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் சேவுகனைப் பார்த்து, "விட்டுரு! விட்டுட்டு ஓடு!" என்று கத்தினார். சேவுகன் கைப்பிடி மேல் ஏறிக் குதித்தார். அண்ணன் நின்றார். கயிறு தாங்கும், ஓர் ஆப்பைச் செருகிவிடலாம் என்று குனிந்தார்.

இதை முதல் முறையாக எழுதுகிறேன். "விட்டுரு" என்ற சத்தம் காதில் விழுந்ததும் நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

எனக்குச் சொன்னதல்ல அது. எனக்குத் தெரியும். ஆனால் கை விட்டுவிட்டது. பியானோ அண்ணனைத் திருப்பத்துச் சுவரோடு சேர்த்து அழுத்தி நின்றது. சுவருக்கும் பியானோவுக்கும் நடுவில் அவர் இருந்ததால் அது எதிலும் மோதவில்லை.

கீழே இருந்தவர்கள் ஓடிவந்து அதை நகர்த்தி அவரை வெளியே எடுத்தார்கள். ஒரு கதவுப் பலகையில் படுக்க வைத்து, சேவுகனும் லோடுமேன்களும் வேனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அவர்களோடு ஓடவில்லை. படியில் கிடந்த கயிற்றைப் பார்த்தேன். முழுதாக இருந்தது. இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து அதை நடுவில் அறுத்தேன். அறுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மாள் போர்வையை விலக்கி, மூடியைத் திறந்து, ஒரு சுரக்கட்டையை அழுத்திப் பார்த்தார். பியானோ ஒலித்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று கணவரிடம் சொன்னார். நான் செய்துகொண்டிருந்ததை நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போலீசாரிடமும் மதினியிடமும் கயிறு அறுந்துவிட்டது என்றேன். கயிறு வாங்கி வந்தவர் சேவுகன். "நல்ல கயிறுன்னுதானே வாங்குனேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அண்ணனுக்குத் தண்டுவடம் நொறுங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இனி வராது என்று மதுரையில் டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் போன் செய்தார். தூத்துக்குடியில் கண்டெய்னருக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பியானோ படியிலேயே நிற்கிறது, மாடிக்குப் போக வழியில்லை என்றார். கைப்பிடியைக் கழற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மதினி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அண்ணன் படுக்கையிலிருந்து, "குடு அவன்கிட்ட" என்றார். பிறகு என்னிடம், "போய் முடிச்சுக் குடுத்துட்டு வா. பாதியில கெடந்தா என் பேரத்தான் சொல்லுவாங்க" என்றார்.

நானும் சேவுகனும் போனோம். கைப்பிடியைக் கழற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பியானோவைக் கீழே இறக்கி முற்றத்தில் வைத்தோம். போனைச் சத்தமாக வைத்து அதன் மேலேயே வைத்தேன். மருந்து மயக்கத்திலும் அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சக்கரத்து மேலயா நிக்கிது?"

"ஆமாண்ணே."

"நிக்கக்கூடாது. அடியில கட்டை குடுத்துத் தூக்கு. எடை பூராம் கட்டையில எறங்கணும். சக்கரம் சும்மா சுத்தணும். அப்புறம் அடிப்பலகையோட போல்ட்டப் போட்டு முடுக்கு. மூடியப் பூட்டிட்டியா?"

"பூட்டியாச்சு. பிளாஸ்டிக் சுத்திக்கிட்டு இருக்கோம்."

"அவுருடா அத! பாலிசு மேல பிளாஸ்டிக் பட்டா வேர்த்துப்போகும். கப்பல்ல மாசக்கணக்குல கெடக்கும். மொதல்ல போர்வை, அதுக்கு மேலதான் பிளாஸ்டிக். ஈரம் உறிஞ்சுற பொட்டலத்த உள்ள போடு. பலகையெல்லாம் பூச்சி சாகச் சூடு ஏத்தி முத்திரை குத்துனதுதானான்னு பாத்துக்க. இல்லாட்டி அங்குட்டு எறக்க விடமாட்டாங்க."

சேவுகன் பெட்டிப் பலகையில் முதல் ஆணியை அடித்தார். போனில் அண்ணன் குரல் உயர்ந்தது.

"யார்ரா அது சுத்தியலு? திருகாணி போடச் சொல்லு! அடிக்கிற ஒவ்வொரு அடியும் உள்ள கம்பிக்குப் போகும்."

சேவுகன் சுத்தியலைக் கீழே வைத்தார். "பெரியண்ணே, நான்தான். மன்னிச்சிருங்கண்ணே" என்றார். ஆணிக்காக மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். "நாலு மூலைக்கும் நுரைக்கட்டை குடு, பெட்டியத் தொடாம நிக்கணும்" என்றார் அண்ணன். மாலையில் பெட்டி லாரி ஏறியது.

அதன்பின் அண்ணன் பதினாலு மாதங்கள் படுக்கையில் இருந்தார். முதுகில் புண் வந்தது. வலி அவரைக் கொடியவராக்கியது. மதினி ஊட்டிய கஞ்சியை அவர் முகத்திலேயே துப்பியதுண்டு. மதினி துடைத்துக்கொண்டு மறுபடி ஊட்டினார். கயிறு வாங்கிய கையை இந்த வீட்டில் பார்க்கக்கூடாது என்று மதினி சேவுகனைப் படியேற விடவில்லை. அவர் வாரம் ஒருமுறை வந்து தெருவில் நின்று, "பெரியண்ணன் எப்படி இருக்காக?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போவார். பெட்டி வேலையை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

நாலு மாதம் கழித்து வீட்டுக்காரர் ஒரு வீடியோ அனுப்பினார். அவர் மகள் பியானோ வாசிக்கிறார். கீழே, "ஒரு கீறல்கூட இல்லை, உங்கள் அண்ணனுக்கு எங்கள் நன்றி" என்று எழுதியிருந்தது. அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு, "பின்பக்கத்தப் படம் புடிச்சு அனுப்பச் சொல்லு. நான் இருந்தது அங்குட்டுத்தானே" என்றார். கேட்டேன். அனுப்பினார்கள். பின்பக்கமும் சுத்தமாகத்தான் இருந்தது. அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மதினி என்னைப் பார்த்து, "சாமான் பத்திரமாப் போயிருச்சு. போதுமா?" என்றார்.

இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு நாள், மதினி கடைக்குப் போயிருந்த நேரம், அண்ணன் அந்தக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பெட்டிப் பட்டறையில் கிடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கொண்டுவந்தேன். முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்து போன கயிறு பூவா விரிஞ்சு கெடக்கும். இது மட்டமா இருக்கு" என்றார்.

நான் நின்றேன்.

"கத்தியா?"

"ஆமாண்ணே."

"விட்டுட்டியா?"

"ஆமாண்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சேவுகன்கிட்ட சொல்லிரு" என்றார். அவ்வளவுதான்.

நான் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். அடுத்தடுத்த வாரங்களிலும் சேவுகன் தெருவில் வந்து நின்று கூப்பிடும் குரல் உள்ளே கேட்கும். அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவரும் மதினியிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அண்ணன் வாழ்நாளில் செய்த ஒரே அநியாயம் அதுதான். எனக்காகச் செய்தார். ஒரு விடியற்காலையில் மூச்சு நின்றது. மயானத்திலும் சேவுகன் தள்ளியே நின்றார்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். சேவுகன் மண்டப வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தார்.

"பெரியண்ணனுக்குத் தெரியுமா?"

"கடைசி மூணு மாசம் தெரியும்."

"அப்ப நான் தெருவுல நிக்கையில, உள்ள படுத்துக்கிட்டே அவுகளுக்குத் தெரியும்" என்றார். தாள்களை என்னிடம் நீட்டினார். நான் பேச வாயெடுத்தபோது, "போங்கண்ணே. வேலை நேரம்" என்றார்.

மதினி நின்றுகொண்டே படித்தார். முடித்ததும் அழவில்லை. "ஒரு எழுத்து மாத்தாம அச்சடிங்க. யார் யாரெல்லாம் சேவுகனப் பேசுனாகளோ அத்தனை பேரு கைக்கும் போகணும். நினைவு நாளன்னைக்கு நீங்க வர வேணாம். அதுக்கப்புறமும் இந்தப் படி ஏறாதீக" என்றார்.

அண்ணனைத் தூக்கிப் புரட்டிக் குளிப்பாட்ட மாதக்கணக்கில் வந்த பக்கத்து வீட்டுச் சகோதரர்களுக்கும், தண்ணீர் மெத்தை கொடுத்துதவிய நண்பருக்கும், கட்டு மாற்ற வந்த செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மதினிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நினைவு நாளன்று நான் இருக்க மாட்டேன். மதினி தானே போய் அழைத்ததால், உங்களை வாசலில் நின்று வரவேற்றிருப்பவர் சேவுகன். இந்த நினைவு மலரையும் அவர்தான் உங்களிடம் கொடுத்திருப்பார். போகும்போது அவரிடம் சொல்லிக்கொண்டு போங்கள்.