அப்பா வாங்கி வந்த கறுத்த கொக்கோ

துணி துவைக்கும் சோப்பைக் கடித்தது போன்ற ஒரு ருசி, கேக்கிலிருந்து வந்து நாக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. மலேசியாவில், பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அதை ஒரே ஒரு நாள்தான் ருசித்தேன், இன்னும் மறக்கவில்லை.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்த என் அக்காவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் பஸ் ஏறுவதில் துளியும் விருப்பமில்லை. டவுனில் கேக் கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் "தவுக்கே", ஒரு கேக் செய்து கொண்டுவா, நன்றாக இருந்தால் வேலை தருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். பள்ளியில் கற்ற கொக்கோ கேக்கை, அடுப்பின் மேல் தூக்கி வைக்கும் "தகர ஓவனில்" அவள் எத்தனையோ முறை சுட்டிருக்கிறாள். வெளிர்ப் பழுப்புக் கொக்கோத் தூளும் ஆப்பசோடாவும் சேர்ந்து, கேக் பஞ்சு மாதிரி உப்பி வரும்.

அந்த நேரம் பார்த்துத் தூள் தீர்ந்துபோயிருந்தது. ரப்பர் பால் வெட்டு முடிந்ததும் அப்பா மோட்டாரில் டவுனுக்குப் போய், மகளுக்காக, இருந்ததிலேயே கறுப்பான தூளாகப் பார்த்து வாங்கி வந்தார்.

"கோப்பி கறுப்பா இருந்தாத்தானே நல்ல சாமான், இதுவும் அப்படித்தான் லா" என்றார்.

கறுப்புக் கோப்பி குடித்து வளர்ந்த எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வழக்கம்போல ஆப்பசோடா போட்டும், கேக் உப்பாமல் அடை போலக் குந்திவிட்டது. திரும்பச் சுட வீட்டில் முட்டை இல்லாததால் அதையே எடுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். தவுக்கே ஒரு துண்டு தின்றுவிட்டு, "சோப்பு போட்டியா?" என்று மலாயில் கேட்டார். அடுத்த வாரமே அக்கா தொழிற்சாலை பஸ் ஏறினாள்.

சாதாக் கொக்கோவில் புளிப்பு உண்டு, அந்தப் புளிப்புதான் ஆப்பசோடாவைப் பொங்க வைக்கிறது, கறுத்த தூளில் புளிப்பை எடுத்துவிடுவதால் அதற்கு பேக்கிங் பவுடர்தான் சரிவரும், பொங்காமல் தங்கிவிடும் சோடாதான் சோப்பு மாதிரி ருசிக்கும் என்பதெல்லாம் எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. எரிச்சல் என்னவென்றால், இன்றைக்கும் பல பாக்கெட்டுகளில் எந்த வகை என்று ஒரு வார்த்தை கிடையாது. சிரம்பானில் கேக் சாமான் விற்கும் கடையில் கேட்டால், "எல்லாம் கொக்கோதான் ஆன்ட்டி" என்கிறாள் அங்கே நிற்கும் பெண். இதைத் தெளிவாக எழுதிப்போட அப்படி என்ன கஷ்டம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தவுக்கேயின் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள்; தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லய வீடுகளையும் இடித்துவிட்டார்கள். நேற்று அக்காவுக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னேன்.

"அப்போ என் கையில தப்பு இல்லியாடி?" என்றாள்.

போன வருடம்தான் அவள் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றாள்.