கெர்ட்ரூட் என்னிடம் கேட்ட யோசனை

கெர்ட்ரூடை எனக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எதிரே வந்தால் சிரிப்பேன். அவளுடைய பள்ளி வேன் வழியில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளவும் தள்ளுவேன். அவள் போட்ட பாட்டு காதில் விழுந்தால் மட்டும் வயிறு எரியும். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இந்த வயதில் பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரியும். தெரிந்தால் மட்டும் நின்றுவிடுமா?

முதலில் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் கிளாரிசா சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்கிறாள். கெர்ட்ரூட் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்; என் குடும்பமும் அதே தோட்டம்தான். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் தரும் செம்பனை நட்டபோது எங்கள் ஆட்கள் ஈப்போ, லூமுட், பாகான் டத்தோ என்று ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். மாதா சிற்றாலயம் மட்டும் தோட்டத்திலேயே நிற்கிறது. செப்டம்பரில் மாதா திருநாளுக்கு எங்கே இருந்தாலும் எல்லாரும் அங்கே வந்துவிடுவோம்.

அந்தத் திருநாளில் என் இடம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஆம்புரோஸ். இருபத்தாறு வருடமாக அங்கே கீபோர்டு வாசிப்பவன் நான்தான். ஒலி மிக்ஸர் முன்னால் உட்காருவதும் நான்தான். தேர்பவனிக்கு வருடா வருடம் ஒரு புதுப் பாட்டைப் பதிவு செய்து கொடுப்பதும் நான்தான். எங்கள் ஆட்களில் யாரும் என்னைக் கேட்காமல் ஒரு முழ வயர்கூட வாங்கியதில்லை. 'மாஸ்டர், இந்த ஸ்பீக்கர் நல்லதா? மாஸ்டர், பிள்ளைக்கு எந்தக் கீபோர்டு எடுக்கலாம்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. என் மதிப்பெல்லாம் இந்தக் கேள்விகளில்தான் இருந்தது.

கெர்ட்ரூடுக்குச் சங்கீதம் தெரியாது. பாடற்குழுவில் மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்று பாடுவாள். அவ்வளவுதான். மகள் சிங்கப்பூருக்குப் போகும்போது ஒரு பழைய சின்ன டேப்லெட்டை விட்டுப் போனாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பள்ளி வேன் ஓட்டுகிறவர்களின் பிழைப்பு எப்படி என்றால், காலைப் பள்ளிக்கூடம் விடுவது ஒரு மணிக்கு. ஆனால் பன்னிரண்டு மணிக்கே போய் நின்றால்தான் மரநிழலில் இடம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம் மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் ஊர்க்கதை பேசுவார்கள். கெர்ட்ரூட் டேப்லெட்டை ஸ்டேரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு கட்டை விரலாலும் தட்டித் தட்டி இசை போட ஆரம்பித்தாள். எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி, அப்படியே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறாள். எனக்கு இது ஒன்றும் தெரியாது.

தெரிந்தது லூமுட்டில், டேரனின் கல்யாண விருந்தில். டேரன் எங்கள் தோட்டத்துக் குடும்பத்துப் பையன், கடற்படையில் இருக்கிறான். மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நுழையும்போது ஒரு இசை எழுந்தது. வேன் கதவை இழுத்து மூடும் சத்தம்தான் தாளம். அதன்மேல் ஒரு பெண்குரல் வார்த்தையே இல்லாமல் ஏறி இறங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, "மாஸ்டர், சூப்பர் லா! நீங்க போட்டதுதானே?" என்றார். நான் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் டேரன் மைக்கில் கெர்ட்ரூடின் பெயரைச் சொன்னான். தட்டில் இருந்த பிரியாணி அதற்குமேல் எனக்கு இறங்கவில்லை.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். அவள் வல்லவள் இல்லை, ஏதோ அதிர்ஷ்டம் என்றுதான் மூன்று மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் கேன்டீனில் தே ஓ என்கிற கறுப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கெர்ட்ரூட் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். இந்தப் பழசு ரொம்ப திக்குது. புதுசு எடுக்கலாம்னு இருக்கேன். இதே மாதிரி சின்னது எடுக்கவா, இல்ல பெருசா, பவர் உள்ளதா எடுக்கவா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாண் இடத்தில் வேலை செய்கிறவளுக்குச் சின்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. கையில் அடங்கும், கட்டை விரல் எல்லா மூலைக்கும் எட்டும். பெரியது பலசரக்குக் கடைக் கல்லாப்பெட்டியைப் போல மடியில் கனக்கும். வெயிலில் சூடேறும். வேனில் சார்ஜ் போட்டால் அரை நாளாகும். அதில் இயர்போன் சொருக ஓட்டையும் இருக்காது. வயர் இல்லாத இயர்போன் போட்டால் சத்தம் பிந்தி வரும், பாடிப் பதிவு செய்யவே முடியாது. மேசை போட்டு உட்காருகிறவனுக்குப் பெரியது சொர்க்கம். இவளுக்குக் குருவி தலையில் பனங்காய். இதெல்லாம் ஒரே நொடியில் என் மண்டைக்குள் ஓடிவிட்டது.

"பெருச எடு கெர்ட்ரூட். இருக்குறதுலயே பெருசு, பவர் கூடினது. இசைன்னா அதுதான்" என்றேன்.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, என் தே ஓவுக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. சந்தோஷமும் இருந்தது. சந்தோஷம்தான் கூடுதல்.

ஜூன் மாதம் அவள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மீ தாப்பாவ் செய்ய, அதாவது நூடுல்ஸ் பொட்டலம் வாங்க, வந்தவனைப் போல மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். கெர்ட்ரூட் ஓட்டுநர் சீட்டில் இல்லை. பின்னால், பிள்ளைகள் உட்காரும் நடு பெஞ்சில் இருந்தாள். எதிர் பெஞ்சுக்கும் இதற்கும் குறுக்கே ஒரு பலகை, அதன்மேல் அந்தப் பெரிய டேப்லெட். அவளுக்கு மேசை தேவைப்பட்டிருக்கிறது, வேனிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"வாங்கண்ணே! இங்க பாருங்க, கண்ணாடியே போடல" என்று தன் மூக்கைக் காட்டினாள். "சின்னதுல நாலு ட்ராக்குதான் கண்ணுக்குத் தெரியும். அஞ்சாவத மனசுல வச்சுக்கணும். பத்துக்கு மேல போனா திக்கும், அப்புறம் ரெண்டு மூனு குரல ஒன்னா சேத்து வச்சிருவேன். கஞ்சியில போட்ட உப்பு மாதிரி, திரும்பப் பிரிக்க முடியாது. இப்போ பாருங்க, இருபது நிக்குது. ஒவ்வொன்னும் தனித்தனியா."

"கனக்கல?" என்று கேட்டேன். கேள்வியில் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கனக்குதுண்ணே. நின்னுகிட்டு வாசிக்க முடியாது. மத்தியானத்துல சூடேறி ஸ்கிரீன் மங்கிடும், அப்போ ஏர்கோன் போட்டு முன்னாடி வச்சிருவேன். மொதல்ல வயர் இல்லாத இயர்போன் வாங்கி ஏமாந்துட்டேன், நான் பாடுறது பின்னாடியே நடந்து வருது! அப்புறம் கடைக்காரப் பையன் ஒரு சின்ன வால் மாதிரி சாமான் குடுத்தான், அதுல வயர் மாட்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வாலைப் பற்றி நான் ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாம். அவளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. வாங்கிய மீயை வீட்டுக்குக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டேன்.

ஆகஸ்டில் சிற்றாலயச் செயலவை கூடியது. செயலாளர் ட்ரேசி, முப்பது வயசுப் பெண், வங்கியில் வேலை. "இந்த வருஷம் தேர்பவனிக்கு ரெண்டு பாட்டு வந்திருக்கு அங்கிள். ரெண்டையும் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்று என்னிடமே சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அதைவிடக் கொடுமை, மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து கெர்ட்ரூடின் பாட்டைப் போட வேண்டியவனும் நானே.

முதலில் என் பாட்டு. சுத்தமாக இருந்தது. போன வருடத்துப் பாட்டைப் போலவும் இருந்தது, அதற்கு முந்தின வருடத்தைப் போலவும் இருந்தது. பிறகு அவளுடையதைப் போட்டேன். என் விரல் குமிழில் இருந்தது. கீழ்ச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும், குரலெல்லாம் சேறாகிவிடும், யாருக்கும் காரணம் தெரியாது. திருகத்தான் போனேன். அப்போது விமலா அக்காவின் குரல் வந்தது. பாகான் டத்தோவில் முட்டி வலியோடு கிடக்கிற விமலா அக்கா, நாலு வருடமாகத் திருநாளுக்கு வராதவர். அடுத்து லூமுட்டிலிருந்து ஒரு குரல். அடுத்து இன்னொன்று. கெர்ட்ரூட் ஞாயிற்றுக்கிழமைகளில் வேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், சிதறிக் கிடந்த எங்கள் பழைய பாடற்குழுவில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து, அவரவர் வீட்டிலேயே பதிவு செய்திருக்கிறாள். பதினான்கு பேர். பதினான்கும் தனித்தனியாகக் கேட்டது, ஒன்றாகவும் கேட்டது. என் கை குமிழிலிருந்து தானாக இறங்கிவிட்டது. நல்ல எண்ணத்தால் இல்லை, கேட்டுக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

செயலவை விவாதிக்கக்கூட இல்லை. என் பாட்டைப் பற்றி யாரோ, "மாஸ்டர் பாட்டும் நல்லாதான் இருக்கு" என்றார். அந்த 'உம்'மை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

திருநாள் வந்தது. தேர் நகர்ந்தது, அவளுடைய பாட்டு செம்பனைத் தோட்டத்துக்குள் கேட்டது, பாதிப் பேர் அழுதார்கள். பவனி முடிந்ததும் ட்ரேசி மைக்கைப் பிடித்தாள். "கெர்ட்ரூட் ஆன்ட்டிக்கு நன்றி. அவங்களுக்கு எந்த டேப்லெட் எடுக்கணும்னு சரியா வழிகாட்டின நம்ம ஆம்புரோஸ் அங்கிளுக்கும் நன்றி. இத ஆன்ட்டியே சொல்லச் சொன்னாங்க!" கைத்தட்டல். கெர்ட்ரூட் மேடைக்கு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினாள். கெடுவான் கேடு நினைப்பான் என்பது பழமொழி. கேடு நினைத்தவனுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள் என்று எந்தப் பழமொழியும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. அவள் மேல் இருந்த எரிச்சல்கூட அடங்கிவிட்டது. என் மேல் ஏறிக்கொண்டது. இதற்கு நடுவில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்ததை மறைக்க மாட்டேன். எப்படிப் பார்த்தாலும் நான் சொன்னதால்தானே அவள் பெரியதை வாங்கினாள்? கெட்ட எண்ணத்தில் சொன்னாலும் யோசனை என்னுடையதுதானே? அந்த நினைப்போடுதான் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டே முக்கால் மணிக்கு வேனுக்குப் போனேன். அவள் துணியால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கெர்ட்ரூட், அந்தப் பொன்னாடை எனக்குச் சேராது. உன் நல்லதுக்குன்னு நான் சொல்லல. நீ அத வச்சுக்கிட்டுக் கஷ்டப்படணும்னுதான் பெருச எடுக்கச் சொன்னேன். பொறாமை."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரு பெஞ்சை முடித்து அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

"அண்ணே, நானும் ஒன்னு சொல்லல. உங்ககிட்ட கேட்டப்போ நான் ஏற்கெனவே வாங்கிட்டேன். முந்தின நாளு சனிக்கிழமையே. பெருசுதான். அப்போ டப்பாவோட இந்த வேன் காடிக்குள்ளதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கேட்ட?"

"உங்கள கேக்காம வாங்கிட்டாள்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாதுல. உங்களுக்கும் மனசு கஷ்டமா இருக்கும். எல்லாரும் உங்ககிட்ட அப்டித்தானே அண்ணே கேக்குறாங்க. வாங்கிட்டு வந்துதான் கேப்பாங்க."

எல்லாருமா என்று கேட்பதை விட்டு வேறொன்று கேட்டேன். "நான் சின்னத எடுன்னு சொல்லியிருந்தா?"

"சரிண்ணேன்னு சொல்லியிருப்பேன்."

பள்ளிக்கூட மணி அடித்தது. அவள் பலகையை எடுத்து ஓரமாக வைத்தாள், டேப்லெட்டை உறையில் போட்டாள். ஓட்டுநர் சீட்டில் ஏறி, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைச் சரி செய்துவிட்டு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆனா நீங்க அப்டி நெனச்சீங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கு என்பதைப் போலத்தான் சொன்னாள். பிள்ளைகள் ஓடிவந்து ஏற ஆரம்பித்தார்கள். நான் வழியை விட்டு ஒதுங்கி நின்றேன்.

அக்டோபரில் கெர்ட்ரூட் ஒரு புது மைக் வாங்கினாள். நல்ல மைக்தானாம். ட்ரேசி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.