புளியமரத்து முனியும் என் நீர்க்கடுப்பும்

கண்டக்டர் வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகிற பஸ். மலைப்பாதையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருக்கப் புதரோரம் போய் நிற்க எனக்குக் கூச்சம். குடித்தால்தானே வரும் என்று கணக்குப் போட்டேன். பெரிய மூளைக்காரன்.

மூளைக்குப் பலன் முப்பது வயதில் கிடைத்தது. ஒண்ணுக்குப் போகும்போது மிளகாய்ப்பொடி தூவியது போல எரிந்தது. உடம்புச் சூடு என்றார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், வெந்தயம் விழுங்கினேன். மெடிக்கல் கடையில் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி வாங்கிய மாத்திரையை மூன்று நாள் போட்டேன். எரிச்சல் நின்றது. மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி வந்தது. ஒரு வருஷம் இப்படியே வருவதும் போவதுமாக இருந்தது.

என்னோடு அந்தத் தடத்தில் வண்டி ஓட்டிய டிரைவர் களமருதூர்க்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். என் நோய்க்குக் காரணம் அவருக்குத் தெரியும். மலையடிவாரத்தில் ஒரு புளியமரம், அதன் கீழே குங்குமம் அப்பிய கல்லும் இரண்டு சூலமும். முனி குடியிருக்கிற இடம். ஆரன் அடிக்காமல் எந்த டிரைவரும் அதைத் தாண்டமாட்டார். ஒருநாள் அங்கே பஞ்சர் ஆகி வண்டி நின்றபோது, அடக்க முடியாமல் அந்த மரத்தின் பின்னால் ஒதுங்கிவிட்டேன். அதை அவர் பார்த்துவிட்டார். கடுப்பு அதற்கு முன்னாலேயே இருந்தது என்று எத்தனையோ தடவை சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலையை மறித்த வருஷம் அது. முந்தின மாலை வண்டியை வெள்ளிமலையில் போட்டுவிட்டுத் தங்கியிருந்தோம். விடிந்தபோது எனக்குக் குளிர்காய்ச்சல். ஒண்ணுக்கு நின்றால் நான்கு சொட்டுக்கு மேல் இறங்கவில்லை, அடிவயிறு கல்லாக இருந்தது. பஸ்ஸில் ஏற ஒருவரும் வரவில்லை. மூடுபனியில் காலி வண்டியை இறக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தால், சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்த்த மரங்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு இரண்டு பேரும் நடந்தோம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால் வழியிலேயே செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அப்படியொரு பயம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

அந்தச் சாலையை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அன்றைக்கு அது வேறு சாலை. விழுந்த மரங்களில் இலை இன்னும் பச்சையாகவே இருந்தது, கிளைகளுக்குள் காக்காய்கள் கத்தாமல் உட்கார்ந்திருந்தன. வரிசையாக எல்லா மரத்தையும் சாய்த்தவர்கள் ஒரே ஒரு மரத்தை மட்டும் விட்டிருந்தார்கள். அதில் ஒரு கோடரிக் கீறல்கூட இல்லை.

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னை அந்தப் புளியமரத்துக் கல்லின் முன்னால் குப்புற விழச் சொன்னார். ஒரு சேவல் அறுப்பதாக வேண்டிக்கொள்ளச் சொன்னார். விழுந்தேன், வேண்டிக்கொண்டேன். காய்ச்சலில் நெற்றி மண்ணில் பட்டபோது, யாரோ என் பக்கத்தில் குனிந்து மூச்சு விடுவது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் டிரைவர் எட்ட நின்றிருந்தார்.

அதற்கப்புறம் வந்த ஊர்களில் ஆளே இல்லை. போலீஸ் வரும் என்று ஆண்கள் கரும்புக்காட்டுக்குள் போயிருந்தார்கள், பெண்கள் உள்ளே தாழ் போட்டிருந்தார்கள். இது பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் கண்டது, வெளியே பூட்டுத் தொங்காத வீடுகளும் கேட்பாரற்று அலைந்த ஆடுகளும்தான். ஒரு வாசலில் அடுப்பின்மேல் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. எங்கேயோ ரேடியோ மட்டும் வேளாண்மைச் செய்தி படித்துக்கொண்டிருந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. திரும்பினால் நிற்கும்.

அதைவிட என்னைக் கலங்கடித்தது டிரைவர்தான். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை சாலையை விட்டு இறங்கி, ஏதாவது ஒரு மரத்தைப் பார்த்து நிற்பார். எனக்கு முதுகு காட்டி, தலை குனிந்து, வெகுநேரம். தோள் மட்டும் லேசாக நடுங்கும். உதடு எதையோ முனகும். கூப்பிட்டால் பதில் வராது. முனி அவருக்குள் இறங்கிவிட்டது என்றே நம்பினேன். திரும்பி வரும்போது அவர் முகம் வியர்த்திருக்கும், என் கண்ணைப் பார்க்கமாட்டார்.

மத்தியானம் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தோம். குழாய் போட்டு நீரை எடுத்தார்கள். வலி போன சுகத்தில் அழுதேன். டாக்டர் கையுறை மாட்டி, ஆசனவாய் வழியாக விரல்விட்டுப் பார்த்துவிட்டு, புராஸ்டேட் சுரப்பியில் கிருமி குடியேறி நாள்பட்டுவிட்டது என்றார். எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தியதற்காகத் திட்டினார். ஆறு வாரம் விடாமல் போடவேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், வந்தால் அடக்கக்கூடாது, வலிக்கும்போது வெதுவெதுப்பான நீரில் உட்காரவேண்டும் என்றார். பிறகு, இத்தனை நாளாக வெகுநேரம் நின்று முக்கிமுக்கிச் சொட்டுச்சொட்டாகப் போனாயா என்று கேட்டார்.

அப்போது எனக்கு டிரைவரின் முதுகு ஞாபகம் வந்தது. அவர் மரத்தைப் பார்த்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

மறுநாள் அவர் கட்டிலருகே வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். பக்கத்துக் கட்டில்காரனும் அவன் பெண்டாட்டியும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். விரல் விஷயத்தை எப்படிச் சொல்வது?

“சூடுதான்ணே. சாமி வுட்டுடுச்சு” என்றேன்.

அவர் கல்லைத் தொட்டுக் கும்பிடுவது போலக் கட்டில் கம்பியைத் தொட்டுக் கும்பிட்டார். ஆறு வாரமும் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் போட்டேன். உடம்பு தேறியதும் அவர் முன்னாலேயே சேவலும் அறுத்தேன். பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே வண்டியில் போனோம், வந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து அவர் வேலைக்கு வரவில்லை. சிறுநீர் தேங்கித் தேங்கி இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டதாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். களமருதூருக்குப் போய்ப் பார்த்தேன். முகமும் காலும் வீங்கிக் கிடந்தார். மனைவி விசிறிக்கொண்டிருந்தார்.

“நீ சேவல் அறுத்த, வுட்டுச்சு. நான் கெடாவே வெட்டனேன். என்ன மட்டும் ஏன்யா வுடல?” என்றார்.

அன்றைக்குத்தான் வாய் திறந்தேன். குழாய், விரல், ஆறு வாரம், எல்லாவற்றையும் அவர் மனைவிக்கு எதிரிலேயே சொன்னேன். அவர் மரத்தடியில் நின்றது எதற்கென்று அப்போதே தெரியும் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவர் கஷ்டப்பட்டுப் புரண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த மாத்திர இன்னும் கெடைக்குதா?” என்று கேட்டார்.

கிடைக்கும் என்றேன்.