கொக்கு மாஸ்டரின் நரம்பு

தையல் கம்பெனியில் அவரைக் கொக்கு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை அடுக்கி வெட்டுகிற நீள மேசைக்குப் பக்கத்தில், இடது காலை லேசாகத் தூக்கி மடக்கிக்கொண்டு நாள் முழுக்க ஒற்றைக் காலில் நிற்பார். ஸ்டைல் என்று நினைத்தார்கள். ஸ்டைலாவது மண்ணாவது! இடது கெண்டைக்காலில் நீலமும் பச்சையுமாக நரம்பு சுருண்டு புடைத்து, மாலையானால் ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனக்கும். யாரிடமும் சொல்லமாட்டார். உட்கார்ந்து வெட்டுகிறவன் கட்டிங் மாஸ்டரே இல்லை என்பது அவர் கட்சி. வறட்டுப் பிடிவாதம், வேறென்ன.

போன மாதம் குளியலறையில் அந்தப் புடைப்பு ஒன்று வெடித்தது. வலியே இல்லை. குனிந்து பார்த்தால் தரையெல்லாம் ரத்தம். மனைவி ஓடிவந்து அவரைத் தரையிலேயே படுக்கவைத்து, காலைத் தன் தோள்மேல் தூக்கிப்போட்டு, துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி அழுதாள். ரத்தம் நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை. டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்று அன்றிலிருந்து அவளும் ஒற்றைக் காலில் நின்றாள்.

போனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, தங்கமானவள். நோயாளிகள் பேசுகிற பேச்சிலேயே பேசுவாள். "ஆபரேஷன் எல்லாம் வேணாம் ஐயா. கெட்டுப்போன நரம்புக்குள்ள ஊசியால மருந்த ஏத்தி மூடிடலாம். அது அப்படியே செத்துச் சுருங்கிடும்" என்றாள்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான் கூட வந்திருந்த மச்சினன். எல்லாம் தெரிந்த மேதாவி. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நரம்ப சாகடிச்சா காலு எப்படி மாமா வேலை செய்யும்? எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு முதுகுல நரம்பு போச்சு. கால இழுத்து இழுத்துதான் நடக்குறாரு" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனான். மாஸ்டர் அதை அப்படியே நம்பிவிட்டார். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவார்களாம்! கால் போனால் மேசை போச்சு, மேசை போனால் நான் யார் என்று நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்காமல் சுற்றினார்.

ஊசி போடும் நாளும் வந்தது. நர்ஸ் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் காலைத் துடைத்தாள். தலைமாட்டில் மனைவி நிற்கலாம் என்றார்கள். "லேசா கடுக்கும், அது பரவாயில்ல. தீயா எரிஞ்சா மட்டும் உடனே சொல்லிடணும்" என்றாள் டாக்டரம்மா. தலையாட்டினார்.

முதல் ஊசியும் அடுத்ததும் எறும்புக் கடிதான். கணுக்காலுக்கு மேலே இன்னொன்று இறங்கியதும் எரிந்தது. கொள்ளிக்கட்டையை வைத்துத் தேய்த்ததுபோல் எரிந்தது. நரம்பு சாகிறது, அதுதான் இப்படி என்று அவரே முடிவு கட்டிவிட்டார். இப்போது நிறுத்தச் சொன்னால் பாதி செத்ததும் பாதி சாகாததுமாக இழுத்துக்கொண்டு கிடக்கும். போவது ஒரேயடியாகப் போய்த் தொலையட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். டாக்டரம்மாவின் கட்டைவிரல் இன்னும் மருந்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"வலிக்குதா ஐயா?"

"இல்ல."

படுபாவி மனுஷன், வாய் கூசாமல் பொய் சொன்னார். ஆனால் அவருடைய வலது கை, போர்வை விளிம்பில் விரல்களைத் திறந்து மூடி, திறந்து மூடி, இல்லாத கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள். பல்வலி உயிரை வாங்கும்போதும் அந்தக் கை இப்படித்தான் வெட்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"டாக்டர், நிறுத்துங்க! இவரு பொய் சொல்றாரு!"

ஊசி வெளியே வந்தது. அந்த இடத்துத் தோல் வெளுத்துத் தடித்திருந்தது. "மருந்து நரம்புக்கு வெளிய கசிஞ்சிருக்கு. சலைன் எடுங்க, சீக்கிரம்!" நர்ஸ் ஓடினாள். அந்த இடத்தைச் சுற்றி உப்புநீரை ஏற்றி, கசிந்த மருந்தின் வீரியத்தைக் குறைத்தாள் டாக்டரம்மா. எரிச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

"இன்னும் கொஞ்சம் போயிருந்தா அங்க சதையே அழுகியிருக்கும் ஐயா. ஏன் சொல்லல?"

"நரம்பு சாகுறப்ப வலிக்கத்தானேம்மா செய்யும்?"

டாக்டரம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயையோ, அது கை கால அசைக்கிற நரம்பு இல்லீங்க. இது ரத்தம் ஓடுற குழாய். எல்லாரும் நரம்புன்னு சொல்றாங்களேன்னு நானும் சொல்லித் தொலைச்சேன். எங்க, விரல ஆட்டுங்க."

ஆட்டினார். எல்லா விரலும் ஆடின. நம்பாமல் கட்டைவிரலை மட்டும் இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

இறுக்கமான நீளக் காலுறையை மாட்டிவிட்டு, உடனே நடக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று வராந்தாவுக்கு விரட்டினாள் நர்ஸ். மனைவி கூடவே நடந்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"கால் போயிடும்னு நெனச்சுக்கிட்டா வந்து படுத்தீங்க?"

"ம்."

"வரமாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு வந்தீங்க?"

அவர் சுவரைப் பார்த்தபடியே நடந்தார். "முதலாளிகிட்ட பேசிட்டேன். தச்ச துணியில நூல் பிசிறு வெட்டுற எடத்துல ஒரு ஸ்டூல் போட்டுத் தரேன்னாரு. உக்காந்து வெட்டிக்கிட்டு இருந்துட்டுப் போறேன். நீ அன்னைக்கு அழுத மாதிரி இன்னொரு தடவ அழக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் வராந்தா நடுவில் அப்படியே நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியும் அடங்காமல், அன்றைக்கு அழுததைவிடப் பெரிதாக அழுதாள். அவரும் நின்றுவிட்டார்.

"நிக்காதீங்கண்ணா, நடங்க!" என்று உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினாள். மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.