தூங்கிக்கொண்டே இருந்த குழந்தை

கடையில் அவளுக்கு வைத்த பெயர் ‘புத்தகம்’. மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகிற கடை அது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வேண்டிய சாமான்கள் மட்டும்தான் அங்கே விற்பார்கள். வாசலருகே பாலூட்டும் தலையணைகள், அதைத் தாண்டினால் பால் எடுக்கும் பம்புகள், முன்பக்கம் திறக்கிற நைட்டிகள், கடைசியில் ஒரு புத்தக அலமாரி. ஆள் வராத நேரத்தில் மற்ற பெண்கள் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். இவள் அலமாரியடியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். கல்யாணம் ஆவதற்கு முன்பே பிரசவத்தைப் பற்றி அங்கிருந்த அத்தனையையும் படித்துத் தீர்த்துவிட்டாள்.

“புத்தகம், இங்க வா. இந்தம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லு” என்று முதலாளியம்மா கல்லாவிலிருந்து குரல் கொடுப்பாள். இவள் ஒரு துணிப் பொம்மையை எடுத்து, தலையணையில் சாய்த்து, குழந்தையை எப்படி மார்போடு அணைத்துப் பிடிப்பது என்று காட்டுவாள். பிள்ளை பெற்றவர்களே வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்தப் பொம்மை ஒருநாளும் அழுததும் இல்லை, கடித்ததும் இல்லை.

கல்யாணமாகி, தனக்கே நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. இத்தனை நாளும் ஊர்ச் செய்தி மாதிரி படித்துவிட்டு மூடிய பக்கங்கள் இப்போது அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தன. கால் வீங்கினால் அதற்கொரு பக்கம். தலை வலித்தால் அதற்கொரு பக்கம். ‘அரிதாக’ என்று எங்கே எழுதியிருந்தாலும், அந்த அரிதான ஆள் தான்தான் என்று முடிவு கட்டிவிடுவாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் அசைந்துகொடுக்காத மனுஷன். ஒருநாள் அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பீரோ மேல் வைத்துவிட்டு, “இதுல எழுதினதெல்லாம் நடந்தா உலகத்துல ஒரு மனுஷன்கூடப் பொறந்திருக்க மாட்டான்” என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவன் வேலைக்குப் போனதும் நாற்காலியைப் போட்டு ஏறி எடுத்துக்கொண்டாள். ஏறும்போது விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. வீட்டுக்கு வந்ததும் கூடமாட ஒத்தாசைக்கு அடுத்த தெருவிலிருந்து அவள் அக்கா வந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள். குழந்தையை ஒரு கையில் ஏந்திக்கொண்டே மறு கையால் குழம்பைக் கிளறுகிறவள். அவளைப் பார்த்தாலே இவளுக்குப் பாதி தைரியம் வரும். மீதிப் பாதிதான் வரவே மாட்டேன் என்றது.

முதலில் டயப்பரில் செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றியது மாதிரி ஒரு கறை. ரத்தம் என்று நினைத்து அலறிப் புடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கிருந்த நர்ஸ், கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண், பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரத்தமில்லம்மா. பிறந்த புதுசுல இப்படித்தான் இருக்கும். பால் நல்லா வந்ததும் தானா போயிடும்.” மறுநாள் குழந்தை வேகமாக மூச்சு விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி விட்டது. அந்தச் சின்ன நிறுத்தத்தில் இவளுக்கு உயிரே போய்விட்டது. திரும்பவும் ஓட்டம். அதுவும் சகஜம்தான் என்றார்கள். அப்புறம் முகத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரிப் பொரியாக வந்தது. அதுவும் ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்று, “வாங்க ஆம்புலன்ஸ், உள்ள வாங்க” என்றாள். புருஷன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவளும் சிரித்துவைத்தாள். உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டபோது, இனி வாயே திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பால் கொடுப்பது வேறு பெரும் பாடாக இருந்தது. பொம்மையை வைத்துப் பாடம் நடத்தியவளுக்குத் தன் குழந்தையைப் பிடிக்கத் தெரியவில்லை. காம்பு வெடித்து, குழந்தை வாய் வைத்தாலே உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்று ஏறும். கடையிலிருந்து முன்பே வாங்கி வைத்திருந்த மெல்லிய சிலிக்கான் மூடி ஞாபகம் வந்தது. வலிக்காமல் இருக்கக் காம்பின் மேல் பொருத்துகிற கவசம். எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறாள். எடுத்துப் பொருத்திக்கொண்டாள். வலி விட்டது. குழந்தை சப்புக் கொட்டிச் சப்புக் கொட்டி உறிஞ்சியது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனது.

அதன் பிறகு வீடே அமைதியாகிவிட்டது. குழந்தை அழுவதில்லை. எழுப்பினால் ரெண்டு இழுப்பு இழுக்கும், கண்ணை மூடிக்கொள்ளும். “தங்கம்டி உன் பொண்ணு. என்னோடது மூணும் என்னைப் பாடாப் படுத்திச்சு” என்று அக்கா மெச்சிக்கொண்டாள். புருஷன் நிம்மதியாக வேலைக்குப் போனான். எல்லாரும் சந்தோஷப்படும்போது இவள் மட்டும் மணிக்கொரு தரம் போய்க் குழந்தையைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

ஒருநாள் மத்தியானம் டயப்பர் மாற்றப் பிரித்தாள். கனமே இல்லை. காலையில் போட்டது போட்டபடி கிடந்தது. நடுவில் மட்டும் அந்தச் செங்கல் பொடிக் கறை. பால் வந்ததும் போய்விடும் என்று நர்ஸ் சொன்ன கறை போகவில்லை.

குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நெஞ்சும் வயிறும் மஞ்சளாகத் தெரிந்தன. அது குழந்தையின் நிறமா, ஜன்னல் திரையின் நிறமா? திரையை விலக்கிப் பார்த்தாள். கால்வரை மஞ்சள்தான். உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்ததே ஒழிய, கண்ணைத் திறக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் முதுகைத் துடைத்தாள். மெல்ல முனகிவிட்டு அடங்கிப்போனது. கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழுந்தது. கடையில் இருக்கும் பொம்மையின் கை அப்படித்தான் விழும். அந்த எண்ணம் வந்ததும் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, பாப்பா எழுந்திரிக்க மாட்டேங்குது.”

அக்கா அடுப்படியில் இருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “தூங்குற பிள்ளைய ஏன்டி எழுப்புற? உனக்கு அழுதாலும் பயம், தூங்கினாலும் பயம்.”

“மஞ்சளா வேற இருக்குக்கா.”

“எல்லாக் குழந்தையும் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும். என் பெரியவன் இல்லையா? நீ கொஞ்சம் படுத்துத் தூங்கு. உனக்குத்தான் தூக்கம் பத்தல.”

புருஷனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏதாவது ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் பெட்டி மேல் நின்றுகொண்டிருப்பான். அங்கே போகும்போது போனைக் கீழேயே வைத்துவிடுவான். கட்டிலில் உட்கார்ந்தாள். மறுபடி போய் நின்றால் அந்த நர்ஸ் என்ன நினைப்பாள்? பைத்தியம் என்று எழுதிவைத்துவிட மாட்டார்களா? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? இப்படியே யோசித்துக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்தாள். குழந்தையின் உதடு காய்ந்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான். ஒரு துண்டில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு, போட்டிருந்த நைட்டிக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசல் கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். காலில் செருப்பு இல்லை என்பது ஆட்டோவில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை விரட்டினார். அவள் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே இருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் மூச்சு விரலில் படுகிறதா, காற்றா என்று தெரியவில்லை. “அழுடி, கொஞ்சம் அழுடி” என்று கெஞ்சினாள்.

ஆஸ்பத்திரியில் அதே கண்ணாடி போட்ட நர்ஸ்தான். “மறுபடியும் நீங்களாம்மா? இன்னைக்கு என்ன?” என்று சிரித்தபடி கையை நீட்டினாள். இவள் குழந்தையைக் கொடுத்தாள். துண்டை விலக்கிய நர்ஸின் சிரிப்பு அப்படியே நின்றது. வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளிப் பார்த்தாள். எடை போடும் தட்டில் வைத்தாள். அப்புறம் இவளிடம் ஒன்றும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். ரெண்டு எட்டு வைத்ததும் நடை ஓட்டமாக மாறியது.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்த நேரம் மாதிரி ஒரு நேரம் அவள் வாழ்க்கையில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. இவ்வளவு நாளும் அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்தது: யாராவது ஒருத்தர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். இப்போது யாரும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டபோது குழந்தை நீல வெளிச்சத்தின் கீழே கிடந்தது. கண்ணை மூடி வெள்ளைக் கட்டு. கையில் ஊசி. குழந்தை மருத்துவர் ஒரு இளம் பெண். நிதானமாகச் சொன்னாள். பால் வயிற்றுக்குச் சரியாகப் போகவே இல்லை. உடம்பில் நீர் வற்றி, காமாலையும் ஏறியிருக்கிறது, அதற்குத்தான் அந்த நீல வெளிச்சம். பால் இல்லாததால் தெம்பில்லை, தெம்பில்லாததால் தூக்கம், தூங்குவதால் பால் குடிப்பதில்லை.

“வாயில வெச்சுச் சப்பிக்கிட்டேதானே இருந்தா?” என்றாள் இவள்.

“மூடி போட்டுக் கொடுத்தீங்களா? சரியாப் பொருந்தலன்னா சப்புவாங்க, பால் அவ்வளவா வராது.”

“நானே வாங்கினேன். நானே போட்டேன்” என்றாள்.

“பிழைச்சுக்குவாளா?” என்ற கேள்வியைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. மருத்துவர் அதைக் கண்ணிலேயே படித்துவிட்டாள் போல. “சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க. ஆனா இன்னைக்கும் நாளைக்கும் கவனமாப் பார்க்கணும்” என்றாள். அந்த ‘ஆனா’தான் அவள் காதில் தங்கியது.

சாயங்காலம் புருஷன் வந்தான். கையெல்லாம் கிரீஸ். கழுவ மறந்திருந்தான். கண்ணாடிக் கதவு வழியாகக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “ஏங்க, ஏதாவது சொல்லுங்க” என்றாள்.

“எனக்கு முதல் நாள்லேருந்தே பயம்தான்” என்றான் அவன். “நீ பயந்துக்கிட்டே இருந்ததால, நான் பயப்படாத மாதிரி இருந்தேன். ரெண்டு பேருமா பயந்தா வீடு என்னாகும்னு.” அவள் அவன் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா வந்தாள். மூன்று பிள்ளை பெற்ற தைரியமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை; பேயறைந்த மாதிரி இருந்தாள். கொண்டுவந்த செருப்பைத் தங்கையின் காலருகே வைத்தாள். “எட்டிப் பார்த்திருக்கலாம்டி. அடுப்பை அணைச்சிட்டு ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்திருக்கலாம்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பில்லை. “உட்காருக்கா” என்றாள்.

செய்தி கேட்டு முதலாளியம்மா கடையிலிருந்து பெரிய பம்பையே தூக்கிக்கொண்டு வந்தாள். விற்கிற பம்ப் இல்லை, வாடகைக்கு விடுகிற கனமானது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அதை வைத்துப் பால் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். முதல் தடவை பாட்டிலின் அடி நனைந்தது, அவ்வளவுதான். அந்தச் சொட்டையும் விடாமல் பாலாடையில் எடுத்துப்போய்க் குழந்தையின் வாயில் விட்டார்கள். போதாததற்குப் பவுடர் பாலும் கொடுத்தார்கள். பவுடர் பால் கொடுக்கக் கூடாது என்று அவள் படித்த ஒரு புத்தகம் அடித்துச் சொல்லியிருந்தது. பாலாடையின் ஓரத்தை நாக்கு தொட்டதும் குழந்தை முழுங்குகிற சத்தம் கேட்டபோது, அந்தப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்பதுகூட அவளுக்கு ஞாபகமில்லை.

மறுநாள் மத்தியானம் குழந்தை அழுதது. முதலில் பூனைக்குட்டி மாதிரி, அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள். இவளுக்கு மட்டும் அப்போதுதான் கண்ணீர் பொங்கியது. அந்த வாரமே காமாலை இறங்கியது. மூடி இல்லாமல் மார்பில் பிடிக்கக் குழந்தைக்கும் தாய்க்கும் பழக இன்னும் பல நாள் ஆனது.

வேலைக்குத் திரும்பியதும் முதலாளியம்மாவை நச்சரித்துக் குழந்தைகளை எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கவைத்தாள். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம், காசில்லை. தட்டில் குழந்தையைக் கிடத்தும் ஒவ்வொரு முறையும் எண் நிற்கிறவரை அவளுக்கு மூச்சு நிற்கும். கொஞ்சம் சந்தேகம் என்றாலும், “இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுங்க” என்பாள். பெரும்பாலும் அங்கே ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு தகப்பன் திரும்பி வந்து, “பச்ச உடம்புக்காரிய இப்படிப் பயமுறுத்தலாமா?” என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டான். “தப்புதான் சார், மன்னிச்சிடுங்க” என்றாள். மறுவாரமே இன்னொருத்தியை அனுப்பினாள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போன வாரம் சைக்கிள் பழகியது. தகப்பன் பின்னால் பிடித்தபடி ஓடி, ஒரு இடத்தில் கையை விட்டுவிட்டான். சைக்கிள் ஆடியாடித் தெருமுனை வரை போய்த் திரும்பி மறைந்தது. வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். கூப்பிடவில்லை. முனையில் அந்தச் சக்கரம் மறுபடி தெரிகிறவரை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.